போர்க்காலக் கடற்படைப் பெண்கள்: வரலாற்று வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

வட்டத்தின் விதிமுறைகளின்படி, கடந்த ஓராண்டின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதாந்திரக் கூட்டங்கள் நடைபெற்றன. நூலக அட்டவணை புதுப்பிக்கப்பட்டது. பழைய நாணயங்கள் குறித்த சொற்பொழிவு சிறப்பாக நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. இவற்றின் விவரங்கள் நிகழ்ச்சிப் பதிவேட்டில் உள்ளன.

சென்ற பொதுக்குழு ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தின் அடிப்படையில், இரு உலகப் போர்களிலும் கடற்படைப் பணியில் சேர்ந்த பெண்களைப் பற்றிய பெயர்த் தொகுப்பை இவ்வாண்டு தொடங்கினோம். வட்டத்தின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே சென்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், செயற்குழுக் கூட்டமொன்றில் இத்திட்டம் குறித்து ஓர் ஆட்சேபம் எழுந்தது. கரையில் இருந்த அலுவலகங்களில் தட்டச்சு செய்தவர்களையும் சமையற்கூடங்களில் வேலை பார்த்தவர்களையும் பற்றி ஓராண்டு முழுவதும் ஆராய என்ன இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. கேட்டவரின் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேள்விக்கு இந்த அவையில் முழுமையாக விடை சொல்வது என் கடமை.

பிரிட்டனில் 1917 நவம்பரில் கேத்தரின் ஃபர்ஸ் தலைமையில் பெண்களுக்கான கடற்படைப் பிரிவு உருவானபோது, அவர்கள் கடலுக்குச் செல்லவே மாட்டார்கள் என்பதைத்தான் எல்லாரும் அதன் அடையாளமாகச் சொன்னார்கள். மறு ஆண்டே, 1918 அக்டோபர் 10 அன்று, ஐரியக் கடலில் 'லெய்ன்ஸ்டர்' என்ற அஞ்சல் கப்பல் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் மூழ்கியதில் அப்பிரிவைச் சேர்ந்த ஜோசஃபின் கார் உயிரிழந்தார். அடுத்த போரில், 1941 ஆகஸ்ட் 19 அன்று, ஜிப்ரால்டரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'அகிலா' என்ற கப்பல் அட்லாண்டிக்கில் தாக்கப்பட்டபோது, அதில் பயணம் செய்த 21 கடற்படைப் பெண்களும் ஒரு கடற்படைச் செவிலியரும் மாண்டார்கள். அந்த 21 பேரும் சங்கேதச் செய்திகளையும் கம்பியில்லாத் தந்தியையும் கையாளப் பயிற்சி பெற்று, அந்தப் பணிக்காகவே வெளிநாடு செல்ல முன்வந்தவர்கள். 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பல் மாலத்தீவுகளுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலால் சில நிமிடங்களுக்குள் மூழ்கடிக்கப்பட்டது. இறந்த 1,297 பேரில் 77 பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் இராணுவச் செவிலியர். 17 பேர் கடற்படைப் பெண்கள். அவர்கள் வந்து சேரவேண்டிய கொழும்பில்தான் ஜப்பானியரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் 'ஆண்டர்சன்' நிலையம் இயங்கியது. அங்கே காதில் செவிப்பேசி மாட்டி, ஜப்பானிய மோர்ஸ் குறிகளை இரவும் பகலும் எழுதியவர்களில் பெண்களும் இருந்தனர். இவை அலுவலக வேலை என்றால், அலுவலக வேலை என்பதற்கு நாம் வேறு பொருள் கொள்ள வேண்டும்.

கரையிலேயே இருந்தவர்களின் பணியும் சிறியதன்று. லிவர்பூலில் டார்பி மாளிகையின் மேல்தளத்தில், 1942 ஜனவரி முதல், கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு போர்த்தந்திரப் பிரிவு செயல்பட்டது. தரை முழுவதும் கடலாகக் கோடிடப்பட்டு, அதன்மேல் கப்பல்களின் சிறு மாதிரிகள் நகர்த்தப்படும். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் துணித்திரைகளுக்குப் பின்னால் நின்று, சிறு துவாரங்களின் வழியாகத் தங்கள் கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டுமே பார்க்க முடியும். மாதிரிகளை நகர்த்தி, சுண்ணக்கட்டியால் தடங்களை வரைந்து, கணக்கிட்டவர்கள் இளம் பெண்கள். நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல் தொடரணியின் நடுவிலேயே புகுந்து தாக்குகின்றன என்ற முடிவுக்கு ராபர்ட்ஸ் வந்ததும், அப்பெண்களில் ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓக்கெல் ஆகியோர் துணையுடன் ஓர் எதிர்த்தந்திரம் உருவானது. அதற்கு 'ராஸ்ப்பெரி' என்று பெயர் சூட்டியவர் லெய்ட்லா. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியாகப் புகழ்பெற்ற அட்மிரல் மேக்ஸ் ஹோர்ட்டனே அந்தத் தரையில் எதிரியாக விளையாடி, ஓக்கெல்லிடம் தொடர்ந்து தோற்றார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்கே பயின்று கடலுக்குத் திரும்பினர். அட்லாண்டிக் போரைப் பற்றி ஆண்டுதோறும் பேசும் நம் வட்டத்தில் இந்தப் பெயர்கள் இதுவரை ஒருமுறைகூட உச்சரிக்கப்பட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

இனி, பணி ஏன் மெதுவாக நகர்கிறது என்பதை விளக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் கரையிலுள்ள தளங்களுக்கும் கப்பலின் பெயரையே வைப்பது மரபு. எனவே பணிப்பதிவில் கப்பலின் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் கப்பலில் இருந்தார் என்று எழுதிவிட முடியாது. 'பெம்புரோக் 5' என்று பதிவான பெண்களை நம் முதல் வரைவில் ஓர் உறுப்பினர் கடலில் பணியாற்றியவர்களாகச் சேர்த்திருந்தார். அந்தப் பெயரில் கப்பலே இல்லை. பிரிட்டனின் சங்கேத முறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கிலும் அதன் கிளை நிலையங்களிலும் ஜெர்மானியரின் சங்கேதங்களை முறியடிக்க உதவிய 'பாம்ப்' எந்திரங்களை இயக்கியவர்கள் அந்தக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தார்கள். போர் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட அந்த எந்திரங்கள் செய்யப்பட்டன. ஆள் உயரத்துக்கும் மேலான ஒவ்வோர் எந்திரத்திலும் வரிசை வரிசையாகச் சுழலும் உருளைகள். உருளையின் பின்பக்கத்தில் மெல்லிய கம்பித் தூரிகைகள். ஒரு கம்பி வளைந்து அடுத்ததைத் தொட்டாலும் மின்தொடர்பு தவறிக் கணக்குக் கெடும். ஆகையால் உருளையைப் பொருத்துமுன் ஒவ்வொரு கம்பியையும் சிறு இடுக்கியால் நிமிர்த்திப் பிரித்துவைப்பது அந்தப் பெண்களின் அன்றாட வேலை. இவர்களின் பதிவில் 'சிறப்புப் பணி' என்ற பொருளில் சில எழுத்துகள் மட்டுமே உண்டு. 1970-களின் நடுப்பகுதி வரை அவர்கள் வாய் திறக்கவில்லை. பெற்றோருக்கும் கணவருக்கும்கூடச் சொல்லாமலே பலர் வாழ்ந்தனர்.

பெயர்களில் இன்னொரு சிக்கல் உள்ளது. பணியில் சேர்ந்தபோது தந்தையின் குடும்பப்பெயர். இடையில் திருமணமானால் கணவரின் குடும்பப்பெயர். ஒரே பெண் இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் இருக்கிறார். முதல் உலகப் போரைப் பொறுத்தவரை, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அட்மிரால்டி எனப்படும் கடற்படைத் தலைமையகத்தின் ஆவண வரிசையில் 318-ஆம் தொகுதியில் பெண் அதிகாரிகளின் தனிக்கோப்புகளும், 336-ஆம் தொகுதியில் மற்றப் பெண்களின் பதிவேடுகளும் இருக்கின்றன. போரில் இறந்தவர்களைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். இரண்டையும் ஒப்பிட்டு, பதவி, தளம், தேதி ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஒரு பெயரைத் தொகுப்பில் சேர்ப்பது என்ற விதியை வகுத்தேன். விதி கடுமையானது என்று குறை கூறப்பட்டது. அதைத் தளர்த்தினால் இது பெயர்களின் குவியலாகுமே தவிர, ஆய்வாகாது.

போர் முடிந்தபின் இந்தப் பிரிவுகளில் பல கலைக்கப்பட்டதே பதிவுகள் இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு முதற்காரணம் என்பது என் கருத்து. 1919-இல் கலைக்கப்பட்ட பிரிட்டிஷ் பிரிவு 1939-இல் வேரா லாட்டன் மேத்யூஸ் தலைமையில் மீண்டும் தொடங்கி, 1944-இல் 74,000 பேரைத் தாண்டியது. ஆனாலும் 1977 வரை அது கடற்படை ஒழுங்குச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. அமெரிக்காவில், கடற்படையின் சேமப்படையில் (ரிசர்வ்) சேர்பவர் ஆணாக இருக்க வேண்டும் என்று 1916-ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனை விதிக்காததைக் கவனித்த கடற்படைச் செயலாளர் ஜோசஃபஸ் டேனியல்ஸ், 1917 மார்ச்சில் பெண்களைச் சேர்க்க உத்தரவிட்டார். லொரெட்டா வால்ஷ் முதலில் சேர்ந்தார். 11,000-க்கும் மேற்பட்டோர் தொடர்ந்தனர். ஆண்களுக்கு நிகரான ஊதியமும் பெற்றனர். போர் முடிந்து அனைவரும் வீடு திரும்பிய பின், 1925-ஆம் ஆண்டுச் சட்டம் சேமப்படையை ஆண்களுக்கு மட்டும் என்று மாற்றியது. எனவே 1942-இல் மீண்டும் பெண்கள் தேவைப்பட்டபோது புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஃபுளோரன்ஸ் மெக்கன்சி தாமே பயிற்றுவித்த தந்தியாளர்களை ஏற்குமாறு கடற்படையிடம் விடாது வற்புறுத்தினார். 1941 ஏப்ரலில் 14 பெண்கள் கான்பெராவை அடுத்த 'ஹார்மன்' நிலையத்தில் சேர்க்கப்பட்டனர். அதைக் குறித்து விளம்பரம் எதுவும் கூடாது என்பது அவர்களை ஏற்றவர்கள் வைத்த நிபந்தனை.

இந்தியாவும் இந்த வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1942-இல் அமைந்த பெண்கள் துணைப்படையிலிருந்து கிளைத்த கடற்படைப் பிரிவு, ராயல் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவாக வளர்ந்தது. 1945 ஜூனில் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில், பிரிவின் துணை இயக்குநர் மார்கரெட் கூப்பருடன் இரண்டாம் நிலை அதிகாரி கல்யாணி சென் நிற்கிறார். இரண்டு மாத ஆய்வுப் பயணமாகப் பிரிட்டன் சென்ற அவரை, அங்கு வந்த முதல் இந்தியப் படைப் பெண் என்று அந்தப் படத்தின் குறிப்பு சொல்கிறது. சேலையே அவருடைய சீருடை. போருக்குப் பின் இந்தப் பிரிவும் கலைந்தது. அதன்பின் மருத்துவப் பிரிவுக்கு வெளியே இந்தியக் கடற்படை பெண்களை அதிகாரிகளாக ஏற்றது 1992-இல்தான். இடைப்பட்ட தலைமுறைகளுக்குக் கல்யாணி சென்னின் பெயர் தெரியாமற்போனதில் வியப்பில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று வரலாற்று வட்டமொன்று விட்டுவிடலாகாது.

இத்தகைய பணியைச் சிலர் மட்டுமே தாங்க முடியாது என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியுள்ளது. தீர்மானம் நிறைவேறிய அன்று படியெடுக்கும் வேலைக்குக் கை உயர்த்தியவர்கள் பலர். கோப்புகளின் நகல்கள் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. முறையாக முடித்துத் திருப்பியவர்கள் மிகச் சிலர்; மற்றவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பியும் பதில் வரவில்லை. வேலைப்பளு, உடல்நலம், குடும்பக் கடமை ஆகியவை எல்லாருக்கும் உண்டு. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இயலாது என்றால் நகல்களையாவது திருப்பித் தந்திருந்தால் இன்னொருவர் தொடர்ந்திருப்பார். செயற்குழுக் கூட்டங்கள் சில, போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. திட்டத்தின் போக்கைக் குறை கூறியவர்களில் சிலர் அந்தக் கூட்டங்களுக்கு வராதவர்கள் என்பது வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே விளங்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. ஆவண நகல்களுக்கான கட்டணமும் அஞ்சற்செலவும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். கையிருப்பு போதுமான அளவில் உள்ளது. வரவு குறைந்ததற்கு முதற்காரணம் சந்தா நிலுவை. ஆயுள் உறுப்பினர் நீங்கலாக மற்றவர்களில் கணிசமானோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்கு அதற்கு முந்தைய ஆண்டின் பாக்கியும் உள்ளது. ஆவணக் காப்பகங்கள் நகல் தருமுன் கட்டணம் கேட்கின்றன. நம் நிலுவையைச் சொல்லி அவர்களிடம் தவணை கேட்க முடியாது.

கூட்டங்களுக்கு இடமளித்தவர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், நூலகப் பொறுப்பாளருக்கும், எல்லாச் சூழலிலும் துணைநின்ற தலைவர் அவர்களுக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. ஆங்கிலக் கையெழுத்துப் பதிவேடுகளைப் பொறுமையுடன் படித்துத் தந்த இரண்டு இளம் உறுப்பினர்களை இந்த அவை பாராட்ட வேண்டும்.

வரும் ஆண்டில் இந்தியப் பிரிவைச் சேர்ந்த பெண்களின் பெயர்களைத் தேடும் பகுதியை முதலில் முடிக்க விரும்புகிறேன். போரின்போது இருபது வயதில் பணியில் சேர்ந்தவருக்கு இன்று நூறு வயது கடந்திருக்கும். அவர்களைக் கேட்டறியும் காலம் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் மகள்களும் பேத்திகளும் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டுப் பெட்டிகளில் பணிவிடுவிப்புச் சான்றிதழும் சீருடையில் எடுத்த படமும் இருக்கக்கூடும். நம் உறுப்பினர்களின் குடும்பங்களிலேயே அப்படி யாரேனும் இருந்தால், தயவுசெய்து என்னிடமோ நூலகப் பொறுப்பாளரிடமோ தெரிவியுங்கள். என் பதவிக்காலம் இந்தப் பொதுக்குழுவோடு முடிகிறது. இத்திட்டத்தை மேலும் ஆர்வத்துடன் நடத்த முன்வருபவர் இருந்தால், தொகுப்பையும் கடிதங்களையும் முறைப்படி ஒப்படைக்கக் காத்திருக்கிறேன். எவரும் முன்வராத நிலையில் இந்தப் பொதுக்குழு என்னையே தொடரச் சொன்னால், படியெடுக்க நால்வர் பெயர் கொடுத்து, அந்த நால்வரும் உண்மையிலேயே வந்து அமர்வார்கள் என்ற உறுதியோடு மட்டுமே ஏற்பேன்.

கைவசமுள்ள நகல்களையும் நிலுவைச் சந்தாவையும் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்