புது பிரேக் பேட் போட்டும் பெடல் உள்ளே போகிறதா? வண்டியை எடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு வந்தால் வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கொல்லிமலை ஏறுகிற வண்டிகள் அதிகமாகிவிடும். மலைக்குப் போகிறோமே என்று முன்கூட்டியே பேட், பிரேக் கட்டை, வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றிக்கொள்கிறவர்கள் இப்போது நிறைய. ரொம்ப நல்ல பழக்கம். ஆனால் மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால், "புது பேட் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சேந்தமங்கலத்தில் கார், மினி லாரி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மலைக்குக் கிளம்பும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறவன்.

புது பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு முழுதாகப் படிய கொஞ்ச தூரம் ஓடத்தான் வேண்டும். அதுவரை பிடிப்பு சற்றுக் குறைவாக இருக்கும் என்பது உண்மை. அதற்காகப் பெடல் பாதிக்கு மேல் இறங்கி, காலுக்கடியில் துள்ளுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. காலிப்பரையோ (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) வீல் சிலிண்டரையோ (டிரம்மில் பிரேக் கட்டையைத் தள்ளும் பாகம்) மாற்ற பிரேக் ஆயில் குழாயைக் கழற்றினாலே உள்ளே காற்று போய்விடும். மருந்து போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. கொஞ்சம் காற்று விட்டு அழுத்தினால் உள்ளே போகும். பிரேக் லைனில் நடப்பதும் இதேதான். காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அது தானாக வெளியே வராது.

சமீபத்தில் ஒரு கார் வந்தது. முன் சக்கரம் இரண்டுக்கும் வேறொரு பட்டறையில் புது காலிப்பர் போட்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப ஏர் எடுத்தும், அதாவது பெடலை மிதித்து லைனிலிருக்கும் காற்றை வெளியேற்றியும், பெடல் நிற்கவில்லையாம். கடைசியில், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், காற்றை வெளியே விடும் ஏர் நிப்பிள் காலிப்பருக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது. இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டிவிட்டார்கள். போல்ட் சரியாகப் பொருந்திவிடும் என்பதால் சந்தேகமே வராது. காற்று மேலேதான் தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டும் வந்துகொண்டே இருக்கும், காற்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். பக்கம் மாற்றிப் போட்டு, புது காப்பர் வாஷர் வைத்து இறுக்கி, ஏர் எடுத்ததும் பெடல் மேலேயே நின்றது. அவர் மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் கட்டியிருந்தால் அது முழுக்க வீண்.

பெடலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முதல் மிதியில் கீழே போய், உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? பின் டிரம்மில் பிரேக் கட்டைக்கு இடைவெளி அதிகம் என்று முதலில் சந்தேகப்படலாம். ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதித்தால், உயரம் கூடும். அப்படியென்றால் அட்ஜஸ்ட் செய்தாலே போதும். மேலே வந்தும் துள்ளுகிறது என்றால் காற்றுதான். காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், எங்காவது ஆயில் கசிகிறதா என்று நான்கு சக்கரத்திலும் பாருங்கள். ஒரு சொட்டுக்கூட இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெடலை மிதித்தபடி இஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் லேசாக இறங்குவது மட்டும் இயல்பு, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

அந்த உள் ரப்பர் பல நேரம் ஏர் எடுக்கும்போதுதான் போகிறது. இதை என் தொழில்காரர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். உதவிக்கு நிற்கும் பையனை "நல்லா மிதி" என்றால் அவன் தரை வரை மிதிப்பான். ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் போதும், இந்தச் செலவே வராது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அந்த யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல மாடல்களில் ஸ்கேனர் மாட்டி அதன் பம்ப்பை ஓட விட்டுத்தான் எடுக்க முடியும். அந்த வசதி இல்லாத பட்டறை, இருக்கிற இடத்துக்கு வண்டியை அனுப்பிவிட வேண்டும். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

ஆயில் விஷயமும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்தில் வரும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் காலிப்பர் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், காலையில் கெட்டியாக இருந்த பெடல் அப்போது தரைக்குப் போகும். அலமாரியில் மூடி திறந்து கிடக்கும் அரை பாட்டில் ஆயிலை ஊற்றி வேலையை முடிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, பட்டறைகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஒழுங்காக ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும், புது ஆயில் வேண்டும், நேரம் வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்டால் "பேட் மாத்த இவ்வளவா?" என்கிறார்கள் பலர். அந்தக் கூலியைக் கொடுங்கள். அப்புறம், பணம் கொடுக்கும் முன் நீங்களே சீட்டில் உட்கார்ந்து, இஞ்சின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பாருங்கள். இறங்கினாலோ துள்ளினாலோ வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள்.

நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். விழா நாட்களிலாவது காரவள்ளியில் ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒரு பலகை வையுங்கள்: "இங்கே நிறுத்தி பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள், உள்ளே போனால் மலை ஏறாதீர்கள், இறங்கும்போது குறைந்த கியரில் வாருங்கள்."

இப்படிக்கு,
ஒரு பட்டறை மெக்கானிக்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.