“சுற்றிப் பார்க்க வந்தேன்” என்று சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர், அக்டோபர் சேர்க்கை வரும்போதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இங்குள்ள சொந்தக்காரர்கள் பாசத்தோடு ஒரு யோசனை சொல்வார்கள்: “சுற்றுப்பயணி என்று சொல்லி உள்ளே வந்துவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள் விசா விலக்கு இருப்பதால் இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. அந்த விலக்கு ஊர் பார்க்க வருபவர்களுக்கானது. வருகையாளராக நுழைந்துவிட்டால் மாணவர் பாஸ் (படிக்கத் தங்குவதற்கான அனுமதி) வேலை சிக்கலாகும்; வெளியேறி மறுபடி நுழைய வேண்டிய நிலைகூட வரலாம். விமானக் கட்டணம் இரண்டு முறை!

எனவே, வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் வருகையில் ஆட்டோகேட் (தானியங்கிச் சோதனை வாயில்) பக்கம் போகக் கூடாது. அதிகாரி உட்கார்ந்திருக்கும் முகப்புக்கே போக வேண்டும். “பெலாஜார்”, அதாவது மாணவர் என்று முதலிலேயே சொல்லி, கடப்பிதழோடு இ.எம்.ஜி.எஸ். (வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் மலேசிய அமைப்பு) வழியாகக் கிடைத்த ஒப்புதல் கடிதத்தையும் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையும் நீட்ட வேண்டும். இரண்டையும் அச்செடுத்து வைத்திருப்பது நல்லது. கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்தால் கடிதமும் தீர்ந்த மாதிரிதான். இரு ஆள்காட்டி விரல்களின் ரேகையைப் பதிவார்கள். பகுதிநேர வேலை பற்றி அங்கே பேச்செடுக்க வேண்டாம். மாணவர்கள் வேலை செய்ய அனுமதி தனியாக வேண்டும். அதுவும் நீண்ட விடுமுறைகளில் வாரம் 20 மணி நேரம் வரைதான்.

கடிதத்தில் மூன்றைக் கிளம்பும் முன்பே சரிபார்க்க வேண்டும்: பெயர், கடப்பிதழ் எண், காலாவதித் தேதி. நம் பிள்ளைகளுக்குப் பெயரில்தான் தகராறு. இனிஷியலை ஓரிடத்தில் விரித்து, இன்னோரிடத்தில் சுருக்கி எழுதியிருப்பார்கள். விண்ணப்பித்த பிறகு கடப்பிதழைப் புதுப்பித்திருந்தால் எண்ணே மாறியிருக்கும். இவற்றைக் கல்லூரி மூலம் முன்கூட்டியே திருத்தலாம். முகப்பில் நின்றுகொண்டு திருத்த முடியாது. விசா தனியாகத் தேவையா என்பதையும் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

மின்னிலக்க வருகை அட்டையை வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் குடிநுழைவுத் துறையுடையது அல்ல.

அடுத்தது கல்லூரிப் பிரதிநிதி. புதிய மாணவரை விமான நிலையத்தில் அவர் வந்து பொறுப்பேற்பதுதான் வழக்கம்; வராவிட்டால் பிள்ளை உள்ளேயே காத்துக் கிடக்கும். விமான எண்ணோடு முனையத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஏர் ஏசியா கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) 2ஆம் முனையத்தில் இறங்கும், மலேசியா ஏர்லைன்ஸ் 1ஆம் முனையத்தில். ஒருவர் ஒன்றிலும் மற்றவர் இன்னொன்றிலும் நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. உள்ளூர் சிம் பெரும்பாலும் வெளியே வந்த பிறகுதான் வாங்க முடிகிறது. அதனால் பிரதிநிதியின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கட்டும். சேர்க்கைக் கடிதத்திலேயே அந்த எண்ணைக் கல்லூரிகள் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

பினாங்கு செல்வோருக்குத் தனியாக ஒன்று. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் தொடங்கியது. அதில் வந்தால் குடிநுழைவுச் சோதனை பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் நடக்கும். கே.எல்.ஐ.ஏ.வில் விமானம் மாறுபவர்களுக்கோ சோதனை கே.எல்.ஐ.ஏ.விலேயே முடிந்துவிடும். பெட்டி நேராகப் பினாங்குக்குப் போய்க்கொண்டிருக்க, கடிதமும் அதற்குள் இருந்தால் கதை கந்தல். பினாங்கில் காத்திருக்கும் பிரதிநிதியாலும் அப்போது உதவ முடியாது. எந்த விமான நிலையத்துக்கு ஆள் வருவார் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முகப்பை விட்டு நகரும் முன் முத்திரையையும் தேதியையும் பார்க்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை. பிறகு பாஸுக்காகக் கடப்பிதழைக் கல்லூரியிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டு, கையெழுத்திட்ட ரசீது வாங்கிய பிறகே கொடுக்கவும். அது திரும்பி வரும்வரை தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்