பசியில்லாத பிள்ளைக்கு எடை ஏறினால்

அன்புள்ள சகோதரிக்கு,

மகனின் வலது சிறுநீரகத்தில் இருந்த வில்ம்ஸ் கட்டியை (பிள்ளைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்) எடுத்தாயிற்று, இனி கீமோ, அது கல்லீரலைக் கெடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கல்லீரல் பாதிப்பு வந்தால் வேகமாக முற்றும்.

அவனுக்குப் போகும் மருந்துகளில் ஆக்டினோமைசின்-டி மீதுதான் கண் வைக்க வேண்டும். கல்லீரலுக்குள் ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவரை அது புண்ணாக்கலாம். உதிரும் செல்கள் வழியை அடைத்ததும் ரத்தம் தேங்கி, கல்லீரல் வீங்கி, வயிற்றுக்குள் நீர் கசியும். வலப்பக்கக் கட்டி, வயிற்றில் கதிர்வீச்சு, மிகச் சிறிய வயது, இவை இருந்தால் அபாயம் கூடுதல்.

அளவும் முக்கியம். அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய நான்காவது தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வில் ஒரே ஊசியாகக் கிலோவுக்கு 60 மைக்ரோகிராம் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு கூடியது, 45-ஆகக் குறைத்தார்கள். 14 கிலோ பிள்ளைக்கு அது 630 மைக்ரோகிராம். கைக்குழந்தைகளுக்கும், அண்மையில் கதிர்வீச்சு முடிந்தவர்களுக்கும் இன்னும் குறைப்பார்கள். எந்த எடைக்குக் கணக்குப் போட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் உங்கள் வேலை எடை பார்ப்பது. ஊசிக்கு முன் ஒருமுறை, பிறகு இரண்டு வாரம் தினமும்: காலையில், சிறுநீர் போனதும், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் மெஷினில். தொப்புளை ஒட்டி டேப்பால் வயிற்றுச் சுற்றளவும் எடுங்கள். பசியில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு எடை ஏறினால் "தேறிட்டான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். அது பெரும்பாலும் நீர். 14 கிலோவில் 700 கிராம் ஏறினால் 5 சதவீதம், அது எச்சரிக்கை அளவு. அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து ஏறினாலோ, வலது விலாவுக்குக் கீழே தொட்டால் அழுதாலோ கிளம்பிவிடுங்கள். கண் மஞ்சளாகட்டும் என்று பார்க்காதீர்கள்; பிள்ளைகளுக்குக் காமாலை இல்லாமலேயே இது வரும்.

மருத்துவமனையில் பிலிருபின், எஸ்ஜிபிடி (இரண்டும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை, கல்லீரலில் ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள். தொடக்கத்தில் ஸ்கேன் சரியாகவே இருக்கலாம். தட்டணு ஏற்றியும் எண்ணிக்கை ஏறாமல் இருப்பது அதைவிட நல்ல துப்பு. கீமோவை நிறுத்தி, நீரையும் உப்பையும் அளந்து, சிறுநீர் பிரிய மருந்து கொடுப்பார்கள். பலர் இதிலேயே மீள்வார்கள். முற்றியவர்களுக்கு இந்த அடைப்புக்கான டிஃபைப்ரோடைடு என்ற மருந்து: கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம், நான்கு வேளையாகப் பிரித்து. விலை மிக அதிகம். தேறியபின் ஆக்டினோமைசினைப் பாதி அளவில் தொடங்கிப் பார்ப்பதுண்டு.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். அது இந்த அடைப்பைத் திறக்காது, வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சலுக்கும் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு உட்கார வேண்டாம். கீமோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நேரே மருத்துவமனைதான்.

இரவுப் பணி டாக்டருக்கு உங்கள் மகனைத் தெரிந்திருக்காது. கடைசி ஆக்டினோமைசின் எந்தத் தேதி, எத்தனை மைக்ரோகிராம், ஊசிக்கு முன் எடை, இன்றைய எடை, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி டிஸ்சார்ஜ் ஃபைலின் மேலேயே வைத்திருங்கள்.