தம்பியின் போன்

அன்புள்ள கண்ணு,

தம்பிக்குத் தெரியாமல் இன்ஸ்டாகிராமில் வேறு பேரில் ஒரு ஐடி திறந்து அவனை ஃபாலோ பண்ணலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. உன் அக்கறை புரிகிறது. ஆனால் முகம் தெரியாத ஐடியை நம்பாதே என்று அவனுக்குச் சொல்லிவிட்டு நாமே அப்படி ஒன்றோடு அவன் பின்னால் போனால், தெரிய வந்த அன்றைக்கே நம்மிடம் வாய் திறப்பதை நிறுத்திவிடுவான்.

அதற்காகச் சும்மாவும் விடவில்லை. போன வாரம் அவனையே பக்கத்தில் உட்கார வைத்து இன்ஸ்டாகிராமைத் திறக்கச் சொன்னேன். பிறந்த வருஷம் 2003 என்று போட்டிருக்கிறான். 2011-இல் பிறந்த பிள்ளை! இந்த ஒரு பொய்யில் எல்லாப் பாதுகாப்பும் போய்விடுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு டீன் அக்கவுண்ட் என்று தனியாக வந்திருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 வயது ஆகாதவன் அதைத் தளர்த்த நம் அனுமதி வேண்டும். வருஷத்தை அவன் கையாலேயே திருத்த வைத்து, என் கணக்கையும் இணைத்துக்கொண்டேன். கடைசி 7 நாளில் யாரோடு பேசினான் என்று எனக்குத் தெரியும், என்ன பேசினான் என்று தெரியாது. எனக்கு அது போதும்.

அப்போதுதான் அவனாகவே ஒன்றைக் காட்டினான். வியாசர்பாடி கிரவுண்டில் நீ ஃபுட்பால் ஆடியதைப் பார்த்தேன், பெரிய கிளப்பில் செலக்‌ஷன் இருக்கிறது, சட்டை இல்லாமல் ஒரு போட்டோ அனுப்பு, வீட்டில் சொல்லாதே என்று எவனோ எழுதியிருக்கிறான். நல்லவேளை, அனுப்பவில்லை. அந்த ‘வீட்டில் சொல்லாதே’தான் என் வயிற்றைக் கலக்கியது. எந்தக் கோச் அப்படிச் சொல்லுவார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட் பண்ணி, பிளாக் பண்ணினோம். நாளைக்கு எவனாவது மிரட்டினால் பணம் கொடுக்காதே, எதையும் அழிக்காதே, நேராக என்னிடம் வா, சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் அவன் போனில் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம், ராத்திரியில் எல்லார் போனும் ஹாலில்தான் சார்ஜ் ஏறுகிறது, உங்கள் அப்பாவுடையதும் சேர்த்து. அவனுக்கு மட்டும் சட்டம் போட்டால் கேட்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் உனக்குப் பேசுவான். அந்த மெசேஜைப் பற்றி நீயாகக் கிளறாதே. அவனே சொன்னால் திட்டாமல் கேள், பயந்துதான் போயிருக்கிறான். அந்த ஐடியை ஏற்கெனவே திறந்திருந்தால் இன்றைக்கே மூடிவிடு.

அன்புடன்,
அம்மா
தண்டையார்பேட்டை