சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் என்ற பேச்சு வேண்டாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இதயம் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். நான்கு அறைகளும் வால்வுகளும் படத்தில் தெளிவாகவே இருந்தன. ஆனால் வலப்பக்கத்தில் நீலம் தீட்டி ‘அசுத்த ரத்தம்’ என்றும், இடப்பக்கத்தில் சிவப்பு தீட்டி ‘சுத்த ரத்தம்’ என்றும் போட்டிருந்தீர்கள். பல வருடங்களாக உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த இரண்டு சொற்களும் செய்யும் குழப்பத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை ரத்த தான முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் படுத்திருந்தான். முதல் தடவையாகக் கொடுக்க வந்தவன். பை நிறைவதை எட்டிப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. “இவ்வளவு கறுப்பா இருக்கே அம்மா, என் ரத்தம் கெட்ட ரத்தமா?” என்று மெதுவாகக் கேட்டான். ஊசி குத்தியிருந்தது முழங்கை மடிப்பில் உள்ள சிரையில், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டு வரும் குழாயில். திசுக்களுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தம் யாருக்கும் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு நிம்மதி. இன்னொரு உயிரைக் காப்பாற்றப் போகிற ரத்தத்தை அசுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படித் திரும்பும் ரத்தம் ஆக்சிஜன் தீர்ந்துபோன ரத்தமும் இல்லை. நாம் ஓய்வாக இருக்கும்போது, அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் சுமார் 70 முதல் 75 சதவீதம் வரை ஆக்சிஜனோடுதான் இருக்கும். இதயத் தசை மட்டும் இதில் விதிவிலக்கு. தனக்கென்று வரும் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜனை அது சாதாரண நேரத்திலேயே எடுத்துக்கொள்கிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் அந்தத் தசை அவ்வளவு சீக்கிரம் தவித்துப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கழிவு இருப்பதால்தானே அசுத்தம் என்கிறோம் என்று கேட்கலாம். சிறுநீரகத்தைப் பாருங்கள். இதயத்திலிருந்து தமனி என்ற குழாய் வழியாக அதற்குள் போகும் ரத்தத்தில்தான் யூரியா என்ற கழிவு அதிகம். வெளியே வரும் சிரை ரத்தத்தில் குறைவு. அந்தக் கணக்குப்படி உங்கள் படத்தின் நிறங்களை அங்கே தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கும்!

தேர்வில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். ‘தமனி என்றால் சுத்த ரத்தம், சிரை என்றால் அசுத்த ரத்தம்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் நுரையீரல் தமனிக்கு வந்ததும் திகைத்து நிற்கிறார்கள். அது வலது கீழறையிலிருந்து ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டு போகிறது. நுரையீரல் சிரைகளோ ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டு வருகின்றன. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் போவதும் தொப்புள்கொடியில் உள்ள சிரை வழியாகத்தான். இதயத்திலிருந்து வெளியே கொண்டு போவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வருவது சிரை. இவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே ஓடுவது எப்படிப்பட்ட ரத்தம் என்பது வேறு விஷயம்.

நீலம் அடையாளத்துக்குத்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. கையில் நரம்பு நீலமாகத் தெரிவதால் உள்ளே நீல ரத்தம் ஓடுகிறது என்றே நம்புகிறது. தோல் வழியாக ஒளி போய்த் திரும்பும் விதத்தால் வருகிற தோற்றம் அது. (பேச்சில் நரம்பு என்கிறோம், உண்மையில் அதுவும் சிரைதான்.)

அடுத்த முறை இந்தப் படத்தைப் போடும்போது ‘ஆக்சிஜன் மிகுந்த ரத்தம்’, ‘ஆக்சிஜன் குறைந்த ரத்தம்’ என்று எழுதுங்கள். நிறம் அடையாளத்துக்கு மட்டுமே என்று கீழே ஒரு வரி சேருங்கள். அப்புறம் இன்னொன்று: இரண்டு கீழறைகளின் சுவர்களையும் ஒரே தடிமனில் வரைந்திருக்கிறீர்கள். உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிற இடது கீழறையின் சுவர் மற்றதைப்போல் சுமார் மூன்று மடங்கு தடிமன். அதையும் ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி