புத்தகத்தில் யார் பெயர்?

அன்பு அம்மிணிக்கு,

அம்மாவும் நானும் நலம். பேரனுக்குச் சளி விட்டதா?

நம் கம்பெனியைப் பற்றி நான் எழுதும் புத்தகம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. எழுத்தைத் திருத்திக் கொடுக்கும் தம்பி, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் 'தலைமைப் பாடம்' என்று நான்கு வரி வேண்டும் என்கிறார். அப்படி இருந்தால்தான் இளைஞர்கள் வாங்குவார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீ அந்தக் கம்பெனிக்குள்ளேயே வளர்ந்தவள், உனக்குப் புரியும்.

2011 ஜனவரியை எடுத்துக்கொள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம்முடையது தையல் கம்பெனிதான். ஆனால் சாயம் ஏறாத துணியை வைத்துக்கொண்டு எதைத் தைப்பது? லாரியில் வெளிமாநிலத்துக்கு அனுப்பினோம். வண்டி திரும்பும்வரை பவர் டேபிள்கள், அதாவது தையல் மிஷின்கள், சும்மா கிடந்தன. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் பீஸ் இல்லையென்றால் சனிக்கிழமை சம்பளம் இல்லை. இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

வேலையில்லாத வாரங்களிலும் பாதிச் சம்பளம் கொடுத்தோம். "ஆளை விட்டுவிட்டால் துணி வந்தும் பயனில்லை" என்று முதலில் சொன்னவர் நம் கட்டிங் மாஸ்டர் அண்ணன். எத்தனை வாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டது உன் அம்மா. நான் கையெழுத்துப் போட்டேன். இதை 'பணியாளரை மதியுங்கள்' என்று சுருக்கினால் அவர்கள் இருவரும் காணாமல் போய், முதலாளி ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அதே அத்தியாயத்தில் ஒரத்துப்பாளையம் விவசாயிகளையும் எழுதியிருக்கிறேன். அங்கே நொய்யலின் குறுக்கே கட்டிய அணையில் தேங்கிய சாயத்தண்ணீரால் அவர்களுடைய கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டுப்போயின. தீர்ப்பால் நாம் பட்ட கஷ்டத்தை மட்டும் எழுதுவது அநியாயம். இங்கே சிலருக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அத்தியாயத்தை உனக்கு அனுப்புகிறேன். அந்த வருடம் கல்லூரி விடுமுறையில் வந்து சம்பளக் கவர் போட்டவள் நீதானே? செக்கிங்கில் இருந்த பெண்களில் பாதிப் பேருடைய பெயர்தான் எனக்கு வருகிறது. உனக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்பு. புத்தகத்தில் போடச் சம்மதமா என்று ஒவ்வொருவரையும் நானே போய்க் கேட்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா