தடுப்புச் சுவர் மட்டும் போதாது, புல்லும் மரமும் நடணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர்ல கேரட், பீட்ரூட் போடுறவன் எழுதுறேன். மழைக்காலம் வந்தா ரோட்டுல மண்ணு சரிஞ்ச போட்டோ வருது, ஜேசிபி வந்து அள்ளுது, அப்புறம் தடுப்புச் சுவருக்கு நிதி ஒதுக்குனதா நியூஸ் வருது, ஆனா அந்த மண்ணு எந்த தோட்டத்துல இருந்து வந்துச்சுன்னு யாரும் மேல ஏறிப் பாக்குறதில்ல.

2009 நவம்பர்ல நீலகிரியில மழை, மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்தாங்க. 2019 ஆகஸ்ட்ல இதே நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. ஆழத்துல இருந்து கழண்டு வர்ற சரிவ வேர் நிறுத்தாது, அதுக்கு ஓடைய அடைக்காம தண்ணி வடிய வழி விடணும், அது வேற விஷயம். நான் சொல்றது நம்ம மேல்மண்ண. கேரட்டு ஒரு சாண் இறங்கும், அதையும் புடுங்கிடுறோம், புடுங்குன நிலம் பொலபொலன்னு கெடக்கும்போதுதான் மழையும் வருது. மரத்த வெட்டுன வருஷம் ஒண்ணும் ஆகாது, அடிவேர் மக்க சில வருஷம் ஆகும், அப்புறம் சரியும், அதுக்குள்ள வெட்டுனதையே மறந்துடுறோம்.

மூணு வருஷம் முன்னாடி மூணு குச்சிய இங்கிலீஷ் ‘A’ எழுத்து மாதிரி கட்டி நடுவுல கயித்துல கல்லு தொங்கவிட்டு மட்டம் பாத்து, சரிவுக்கு குறுக்கால வரிசையா நேப்பியர்ங்கிற தீவனப்புல்லோட கரணை (தண்டுத் துண்டு) நட்டேன், இடையிடையே சில்வர் ஓக், நாவல். ரெண்டு பாத்தி இடம் போச்சேன்னு பக்கத்து தோட்டத்து அண்ணன் திட்டுனாரு. இப்ப அந்தப் புல்லுலதான் ரெண்டு மாடு கறக்குது, சாணி தோட்டத்துக்கே போகுது. வரிசைக்கு மேல்பக்கம் மண்ணு முட்டி நின்னு கணுக்கால் உயரத்துக்கு தானா படி விழுந்திருக்கு. மாட்ட மட்டும் அங்க அவுத்து விடக்கூடாது, குளம்பே மண்ண இளக்கிடும், அறுத்துதான் போடணும். பிலிப்பைன்ஸ்ல மின்டனாவ் தீவு மலையில 1970கள்லயே இந்த மாதிரி வரிசை போட்டு பயிர் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

ஒரு ஆபீஸ்ல போய் கேட்டேன், தீவனப்புல் வேற டிபார்ட்மெண்ட், மரக்கன்னு வேற, மண் பாதுகாப்பு வேறன்னு அனுப்பிட்டாங்க. ஒரே சரிவுக்கு மூணு அப்ளிகேஷன் எந்த விவசாயி போடுவான்? மூணையும் ஒரே ஸ்கீமா குடுங்க, மொத ரெண்டு வருஷம் இடம் போறதுக்கு ஒரு தொகை குடுங்க. ஜூன் மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள கரணை கைக்கு வந்துட்டா நவம்பர் மழைக்குள்ள தூரு புடிச்சிரும்.

இப்படிக்கு,
ஒரு மலைக்காய்கறி விவசாயி, கோத்தகிரி